நின்ற நேரம் கழிக்கப்படும்: சைக்கிள், கிலோமீட்டர், மதுரைச் சமவெளி

1

‘சைக்கிள் ஓட்டுறதுல என்னய்யா அரசியல் இருக்கு?’ என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். உடம்புக்கு நல்லது, பெட்ரோல் செலவில்லை, புகையில்லை. காலையில் நாலு பேர் சந்தோஷமாக ஓட்டிவிட்டு வரட்டுமே, அதையும் கட்டுடைக்க வந்துவிட்டீர்களா என்கிற சலிப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது. சலிப்பில் நியாயமும் உண்டு. எதைக் கண்டாலும் அதிகாரம், சொல்லாடல் என்று ஆரம்பித்துவிடுவது சிறுபத்திரிகைக்காரர்களின் வியாதிதான். எனவே முதலிலேயே சொல்லிவிடுவோம். இக்கட்டுரை சைக்கிளுக்கு எதிரானதல்ல. ஓட்டி முடித்து இறங்கியதும் கைப்பேசியை எடுத்து ஒரு பார்வை பார்க்கிறோமே, அந்தப் பார்வையைப் பற்றியது.

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அழகர்கோவில் சாலையிலோ, நத்தம் சாலையிலோ, மேலூர் நாற்கரச் சாலையிலோ, நாகமலைப் பக்கமோ நின்று பார்த்தால் தெரியும். தலைக்கவசம், இறுக்கிப் பிடித்த சட்டை, விரல் தடிமன் டயர், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு. டாக்டர்கள், பேராசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஐ.டி. பையன்கள், சமீப வருஷங்களில் பெண்களும். நம் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து சண்டைபோடுகிற எழுத்தாளர்கள் சிலரும் இதில் சேர்த்தி. சர்க்கரை நோய்க்குப் பயந்து ஆரம்பித்தவர்கள் உண்டு. விடியற்காலைச் சாலையில் தனக்கும் உரிமை உண்டென்று காட்ட வந்த பெண்கள் உண்டு. இவர்களைக் கேலி செய்வது சுலபம். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. உழைப்புக்கும் வேலைக்கும் அப்பால், ஒரு காரணமும் இல்லாமல் உடம்பை ஓடவிட்டு மகிழ்வது எல்லோருக்கும் உரிய ஒன்று.

ஆனால் ஓட்டி முடித்ததும் எல்லோரும் சொல்வது ஒரு எண்ணைத்தான். ‘இன்னிக்கு நாப்பத்திரண்டு.’ ‘இந்த மாசம் அறுநூறு தாண்டிருச்சு.’ எங்கே போனீர்கள் என்று கேட்டாலும் எண்தான் முதலில் வருகிறது, ஊர்ப்பெயர் அப்புறம்தான். காரணமே இல்லாமல் ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்ட ஓட்டம் இப்போது அந்த எண்ணுக்காக ஓடுகிறது. முப்பத்தொன்பதரையில் வீட்டுவாசல் வந்துவிட்டால் தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றி நாற்பதாக்கிவிட்டு இறங்குகிறவர்களை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டரை ஓட்டுவது யார்? மனிதரா, எண்ணா?

2

இந்த எண்ணைத் தருபவை செயலிகள். அவற்றுள் உலகெங்கும் பரவியது ஸ்ட்ராவா. 2009இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அது செய்கிற காரியம் எளிமையானது. செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு நீங்கள் இருக்கும் இடத்தை அடுத்தடுத்துப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்குகிறது. கோட்டின் நீளம்தான் உங்கள் தூரம். இதோடு நிற்பதில்லை. சாலைகளைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசைப்பட்டியல் வைத்திருக்கிறது. அதில் எல்லோரையும்விட வேகமாகப் போனவருக்கு ‘மலையின் ராஜா’ என்ற பட்டம். பெண்ணானால் ராணி. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். ரோட்டுத் துண்டுகளுக்கு மறுபடி ராஜாக்கள் முளைத்திருக்கிறார்கள். சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளை மூச்சு வாங்க ஏறுகிற ஒருவர், மரத்தையும் மஞ்சையும் விட்டுவிட்டு, தான் கண்ணால் பார்த்தேயிராத ஒருவரின் நிமிஷக் கணக்கோடு போட்டிபோட்டுக்கொண்டு ஏறுகிறார்.

போட்டியைக்கூட விடலாம். எல்லா விளையாட்டிலும் உள்ளதுதான். நாம் கவனிக்கவேண்டியது இன்னும் சிறிய ஒரு ஏற்பாடு. இந்தச் செயலிகள் இரண்டு விதமான நேரங்களைக் கணக்கிடுகின்றன. கிளம்பியதிலிருந்து முடித்தது வரையான மொத்த நேரம் ஒன்று. ‘நகர்ந்த நேரம்’ இன்னொன்று. சைக்கிள் நின்றதும் இந்த இரண்டாவது கடிகாரமும் நின்றுவிடுகிறது. சராசரி வேகத்தைக் கணக்கிடுவது இந்த நகர்ந்த நேரத்தை வைத்துத்தான். அதாவது, நின்ற நேரம் கழிக்கப்படும்.

நிற்பது என்றால் என்ன? ஒத்தக்கடையில் டீ குடிப்பது. யானைமலையின் முதுகில் வெயில் ஏறுவதைப் பார்ப்பது. ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கும்வரை காத்திருப்பது. பஞ்சர் கடையில் உட்கார்ந்து அந்த ஊர் ஊராட்சித் தலைவரைப் பற்றி ஒரு புலம்பலைக் கேட்பது. நாற்று நடுகிற பெண்களிடம் ‘பெரியாத்துத் தண்ணி வந்துருச்சாம்மா’ என்று விசாரிப்பது. ஊரோடு ஓட்டுபவருக்கு ஏதாவது உறவு ஏற்படுமானால் அது இந்த நிமிஷங்களில்தான் ஏற்படும். கருவி இவற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கித் துப்புரவாக வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் இருப்பது ஊர்களே இல்லாத ஒரு சமவெளி, அதன்மேல் ஒரு ஆரஞ்சு நிறக் கோடு.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் தெ செர்த்தோ அன்றாட வாழ்வின் நடைமுறைகள் குறித்து 1980இல் எழுதிய நூலில் இதைத் தொட்டிருக்கிறார். நடந்த பாதையை வரைபடத்தில் கோடாக்கிவிடலாம், ஆனால் அந்தக் கோட்டில் நடத்தல் என்ற செயல் காணாமல் போய்விடுகிறது என்பது அவர் வாதம். கோடு மிஞ்சுகிறது, கடந்துபோன காரியம் மறக்கப்படுகிறது. அவர் எழுதியபோது அந்தக் கோட்டை வரைந்தவர்கள் நகரத் திட்டக்காரர்கள், அதிகாரிகள். இன்று நடப்பவரே, ஓட்டுபவரே தன் சட்டைப்பைக்குள் அதிகாரியை வைத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் வித்தியாசம்.

3

தூரத்தை அளப்பதே நவீனத்தின் சூழ்ச்சி, பழைய தமிழன் அளக்காமலேயே ஆனந்தமாக இருந்தான் என்று யாராவது பேச ஆரம்பித்தால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. அளந்தார்கள். எதை வைத்து அளந்தார்கள் என்று பார்ப்பதுதான் உபயோகமானது.

‘கூப்பிடு தூரம்’ என்கிறோம். இது வெறும் சொல்வழக்கு மட்டுமல்ல. பழைய வாய்பாட்டில் கூப்பிடு என்பது ஒரு அளவை, நாலு கூப்பிடு ஒரு காதம். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்கிற தொலைவு என்பது அதன் அடிப்படை. இந்த அளவைக்கு இரண்டு பேர் வேண்டும். கூப்பிடுகிறவர் ஒருவர், ‘ஓய்’ என்று குரல் கொடுக்கிறவர் இன்னொருவர். ஆளில்லாத இடத்தில் கூப்பிடு தூரம் கிடையாது. அப்புறம் மைல்கல் வந்தது. ‘இன்னும் ரெண்டு கல்லு நடக்கணும்’ என்று நம் பாட்டிமார் சொன்னபோது வெள்ளைக்காரன் அளவை ஊர்ப்பேச்சுக்குள் வந்து குடியேறியிருந்தது. சர்வேக்காரர்கள் தள்ளிக்கொண்டு போன ‘பெராம்புலேட்டர்’ என்கிற அளவுச் சக்கரம், சுற்றின சுற்றை எண்ணித் தூரம் சொல்லும். இன்றைய சைக்கிள் மீட்டருக்கு அது பாட்டன்முறை. லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவீட்டின் காலத்திலிருந்தே தூரம் என்பது வரிக்கும் படைநகர்வுக்கும் வேண்டிய ஒரு தகவலாகிவிட்டது.

மதுரைக்கான தூரத்தைப் பற்றிய பேச்சு சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. நாடுகாண் காதையில், புகாரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததற்கே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். கோவலன் முப்பது காதம் என்று நேராகச் சொல்வதில்லை. ஆறையும் ஐந்தையும் பெருக்கினால் வருகிற மாதிரி ஒரு தொடரில் சொல்கிறான். பெருக்கத் தோன்றாத காதுக்கு ஆறோ ஐந்தோதான் கேட்கும். பக்கத்தில்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அங்கே எண் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கூட நடக்கிறவளின் கால்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட எண். தூரம் என்பது இரண்டு பேருக்கிடையே நடக்கிற ஒரு பேச்சாக இருக்கிறது.

நம் ஊர்களில் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓட்டுவதும் புதிசல்ல. சொந்தச் சைக்கிள் இல்லாத வீட்டுப் பையன்கள் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டினார்கள். மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள், கடைக்காரரிடம் ஒரு நோட்டு. அந்த நோட்டில் எழுதப்பட்டது நேரம். எடுத்த மணி, விட்ட மணி. எவ்வளவு தூரம் போனாய் என்று எந்தக் கடைக்காரரும் கேட்டதில்லை. கையில் இருக்கிற காசுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் தெப்பக்குளத்தை எத்தனை தடவை சுற்றினாலும் காசு ஒன்றுதான். தூரம் இலவசம்.

இன்னொன்றையும் நினைவுபடுத்தவேண்டும். ஊர்ப் பொட்டலில் வட்டம் போட்டு, மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டிக் காட்டிய கலைஞர்கள். சைக்கிளிலேயே சாப்பாடு, சைக்கிளிலேயே குளியல். ராத்திரியானால் குழல்விளக்கு கட்டிப் பாட்டுப்போட்டு ஆட்டம். பார்க்கவந்தவர்கள் சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்திவிட்டுப் போவார்கள். ஒரு கருவியைக் கட்டிவிட்டிருந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காட்டியிருக்கும். ஆனால் ஆள் கிளம்பின இடத்திலேயே இருந்தார். அவருடைய ஓட்டத்துக்கு அளவு நாள்தான். சாட்சி ஊர்தான். இன்றைய நெடுந்தூர ஓட்டத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து அட்டையில் முத்திரை வாங்குகிற ‘பிரெவே’ ஓட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. நம் பொட்டல் கலைஞர்கள் அந்தச் சரித்திரத்தில் ஒரு அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. அவர்கள் வயிற்றுக்காக ஓட்டியவர்கள், அதனால் ‘விளையாட்டு வீரர்’ ஆகமாட்டார்கள்.

4

ஸ்ட்ராவாவில் இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று ஓட்டுநர்களிடையே வேடிக்கையாக ஒரு பேச்சு உலகமெங்கும் இருக்கிறது. பதிவுதான் உண்மை, உடம்பின் சாட்சி செல்லாது என்பதுதான் அந்த வேடிக்கையின் சாரம். இதை மதுரைக்கு மேற்கே உள்ள சமவெளியில் நின்று கேட்டால் சிரிப்பு வராது.

சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி இன்று சைக்கிள்காரர்களுக்குப் பிரியமான இடம். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில், மேலே சமணச் சிற்பங்கள். படம் எடுத்துப் பதிவோடு சேர்த்துப் போட ஏற்ற ஊர். இந்த ஊர்க் கள்ளர்கள் மதுரைப் பக்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குள் முதலில் கொண்டுவரப்பட்டவர்களில் அடங்குவர். 1871இல் வட இந்தியாவில் வந்த அந்தச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெருவிரலை உருட்டிப் பதிவேட்டில் வைக்கவேண்டும். ராத்திரியானால் போலீஸ் முன்னால் ஆஜராகவேண்டும். வெளியூர் போவதென்றால் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். எந்த ஊருக்கு, எத்தனை நாளுக்கு என்று அதில் எழுதியிருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. உயிரிழந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1947இல்தான்.

அந்தச் சமவெளியின் மேல் இன்று நாம் பெருவிரல் ரேகையால் கைப்பேசியைத் திறந்து, நாமாகவே நம் நகர்வைப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். இரண்டையும் ஒன்றென்று சொல்வது அபத்தம். அந்த மக்கள் பட்ட அவமானத்தைக் கொச்சைப்படுத்துவதும் ஆகும். நமக்கு விருப்பம் இருக்கிறது. அழித்துவிடலாம். வீடு எங்கே என்று தெரியாதபடி கிளம்பிய இடத்தையும் முடித்த இடத்தையும் மறைத்துக்கொள்ள செயலியிலேயே வசதி உண்டு. அன்றைக்கு வீடுதான் முதலில் குறிக்கப்பட்டது. பதிவேட்டில் இல்லாமல் போவது அவர்களுக்குக் குற்றம். பதிவேட்டில் இல்லாமல் போவது நமக்கு இருப்பே இல்லாமல் போவது. இந்த வித்தியாசத்தைத்தான் யோசிக்கவேண்டியிருக்கிறது. 1975இல் ‘கண்காணிப்பும் தண்டனையும்’ எழுதிய ஃபூக்கோ, கண்காணிக்கப்படுகிறவன் தானே தன்னைக் கண்காணித்துக்கொள்ளத் தொடங்குவதை விளக்கினார். அங்கே பயம் இருந்தது, நடுவே கோபுரம் இருந்தது. இங்கே கோபுரம் இல்லை, கைதட்டல் இருக்கிறது. தண்டனைக்குப் பதில் பாராட்டு. பாராட்டுக்காகத் தன்னைத் தானே ஒப்புக்கொடுக்கிற உடலை நம் அரசியல் மொழி இன்னும் சரியாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொடுத்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? ஸ்ட்ராவா 2017இல் தன் பயனர்கள் ஓடிய, ஓட்டிய பாதைகளையெல்லாம் கூட்டி ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஒரு ஆஸ்திரேலிய மாணவர் அதைக் கவனித்துச் சொன்னார். ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் சுற்றிலும் இருட்டாக இருக்க, நடுவில் சில கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அவை வெளிநாட்டு ராணுவ முகாம்களைச் சுற்றிச் சிப்பாய்கள் ஓடிய பாதைகள். ராணுவ ரகசியம் வெளியாகிவிட்டதென்று உலகம் பதறியது. நமக்கு உறைக்கவேண்டியது அந்த இருட்டு. அந்த இருட்டுக்குள்ளும் ஜனங்கள் நடந்துகொண்டும் சைக்கிள் ஓட்டிக்கொண்டும்தான் இருந்தார்கள். அவர்கள் கோடு வரையவில்லை, அவ்வளவுதான். மதுரையிலும் அப்படித்தான். ராத்திரி சுக்குமல்லிக் காபி கேனைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறவர், விடியுமுன் பேப்பர் போடுகிற பையன், சித்தாள் வேலைக்கு டிபன் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர், இவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஓட்டுகிற தூரம் எந்த ஞாயிற்றுக்கிழமைக் குழுவையும் வெட்கப்படவைக்கும். வரைபடத்தில் அவர்கள் இருட்டு.

5

இனி, ஓட்டவே விடப்படாதவர்கள்.

மதுரையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் பற்றிப் பேசும்போது சைக்கிள் ஒரு வாகனம் மட்டுமல்ல என்பது தலித் அரசியலோடு உறவுள்ள எவருக்கும் தெரியும். ஊர்த்தெரு வழியாகத் தலித்துகள் சைக்கிளில் ஏறிப்போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்கிற தடை, தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி, மதுரையிலிருந்து இயங்கும் எவிடென்ஸ் போன்ற அமைப்புகள் தொகுத்த தீண்டாமை வடிவங்களின் பட்டியல்களில் இடம்பெற்றிருக்கிறது. தேநீர்க் கடையில் தனிக் குவளை, செருப்புப் போடத் தடை, அதற்குப் பக்கத்திலேயே சைக்கிள். ஏன் சைக்கிள்மேல் இவ்வளவு கோபம்? சைக்கிளில் உட்கார்ந்தால் தலை நிமிர்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவனின் கண்மட்டத்துக்கு மேலே போகிறது. குனியச் சொன்ன உடம்பு நிமிர்ந்து, மணியடித்துக்கொண்டு, நிற்காமல் கடந்துபோகிறது. நிற்காமல் போவதுதான் அங்கே குற்றம்.

கருவியைக் கொஞ்சம் இந்தத் தெருவுக்குள் கொண்டுபோய்ப் பார்ப்போம். இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவரும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறார். எனவே செயலி அவரைக் கழிக்காது, மெதுவான ஓட்டக்காரர் என்று எழுதிக்கொள்ளும். அந்த நானூறு, ஐநூறு மீட்டரில் அவருடைய வேகம் ஏன் விழுந்தது என்பதற்கு அதில் இடமில்லை. சாதியை அது சராசரி வேகமாக மொழிபெயர்த்துவிடும்.

பேரையூர் வட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவரை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 600 மீட்டர் நீளம். நேராகப் போகவேண்டிய தலித் மக்களைச் சுற்றிப் போகவைத்த சுவர். 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதியை நிர்வாகம் இடித்துப் பாதை திறக்கும்வரை, சுமார் பத்தொன்பது வருஷம், ஒரு தலைமுறையே சுற்றுவழியில் நடந்தது. அந்த மக்கள் கூடுதலாக நடந்த தூரத்தை யார் கூட்டிவைத்தார்கள்? தூரம் சிலருக்குச் சாதனை, சிலருக்குத் தண்டனை. மேலூர்ச் சாலையில் அரிட்டாபட்டி வரை போய்விட்டு வருகிற கோட்டுக்குப் பக்கத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30ஆம் தேதி, ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு சேர்ந்தவர்களும் மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்டார்கள். கண்காணிப்பை அனுபவித்த வரலாறு மட்டுமே எந்தச் சாதியையும் ஜனநாயகப்படுத்திவிடாது என்பதையும் இந்தச் சமவெளி சேர்த்தே சொல்கிறது.

இதே சைக்கிளை வைத்து இதற்கு நேரெதிரான ஒரு கணக்கும் இங்கே போடப்பட்டது. மதுரையிலிருந்து கிழக்கே, புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991 தொடங்கி அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பி. சாய்நாத் தன் 1996ஆம் ஆண்டு நூலில் இதைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், செவிலியர்கள் என்று பெருந்திரளாக வந்து கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்பக்கத்து பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்த இயக்கம் கணக்கெடுக்காமல் இல்லை. எத்தனை பெண்கள் கற்றார்கள் என்று கணக்கெடுத்தது. ஒருத்தி எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாள் என்பது அதற்குப் பொருட்டாக இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டாம், புருஷனையோ அண்ணனையோ கெஞ்சவேண்டாம் என்பதுதான் அங்கே தூரத்தின் பொருள். ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள், வசைபாடினார்கள். அதைத் தாண்டி ஓட்டினார்கள். தமிழக அரசு 2001–02இல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவர்களுக்கும் விரித்ததை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். பொழுதுபோக்கு சைக்கிளின் கிலோமீட்டருக்கு இந்த ஞாபகம் எதுவும் கிடையாது.

6

அப்படியானால் எண்ணவே கூடாதா? கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்று உபதேசம் செய்வதுதான் விமர்சனமா? அது சாமியார் வேலை. எண்ணுவதை எதிரியிடம் விட்டுவிட்டு நாம் அனுபவத்தைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. எதை எண்ணுவது என்பதில்தான் சண்டை.

இவான் இல்லிச் 1974இல் வெளியான ‘ஆற்றலும் சமத்துவமும்’ நூலில் தூரத்தை ஒரு ஆயுதமாகவே பயன்படுத்தினார். அமெரிக்க ஆண் ஒருவன் காரில் உட்கார்ந்திருக்கிற நேரத்தை மட்டும் எண்ணாமல், அந்தக் காருக்காக அவன் உழைத்துச் சம்பாதிக்கிற நேரத்தையும் சேர்த்து எண்ணினார். வருஷத்துக்கு 1,600 மணி நேரம் செலவிட்டு 7,500 மைல் போகிறான், அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு என்று வந்தது. நடப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். கழிக்கப்பட்ட நேரத்தைத் திரும்பக் கூட்டினால் வேகம் என்கிற பிரமை எப்படி உடைகிறது பாருங்கள். சைக்கிளை உயர்த்திப் பேசிய இல்லிச்சின் கணக்கைச் சைக்கிளுக்கும் போட்டுப்பார்க்கலாம். லட்ச ரூபாய்ச் சைக்கிள் இன்று சந்தையில் சாதாரணம். 2025–26க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறுநாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் அந்தச் சைக்கிள் கிட்டத்தட்ட 298 நாள் உழைப்பு, மூன்று வருஷத்து நூறுநாள் வேலை. அந்த நாட்களையும் ஓட்ட நேரத்தோடு கூட்டினால் மலையின் ராஜாவுடைய சராசரி வேகம் என்ன ஆகும்? இன்னொரு பக்கம், கூலிக்காரர்களின் கறுப்புச் சைக்கிளைச் செய்துவந்த அட்லஸ் கம்பெனி, ஐ.நா. 2018இல் அறிவித்த உலக சைக்கிள் தினமான ஜூன் 3ஆம் தேதியிலேயே, 2020இல், சாகிபாபாத் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. கொரோனா காலத்தில் உடற்பயிற்சிக்குச் சைக்கிள் வாங்கக் கூட்டம் கூடிய அதே வருஷம்.

தூரத்தை வேறுவிதமாக எண்ணியவர்கள் மேலூர்ப் பக்கமே இருக்கிறார்கள். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்தும் வண்டிகளிலுமாக மதுரை தல்லாகுளம் வரை வந்து சேர்ந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்தத் தூரமும் மதுரை–மேலூர்ச் சாலைதான். ஞாயிறு காலைச் சைக்கிள்கள் போகிற அதே தார். ஊர் தெரியாமல் கடந்துபோகிறவருக்கு அரிட்டாபட்டி ஒரு திரும்பும் இடம். அங்கே நின்று, குளத்தையும் குன்றையும் பற்றி ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டவருக்கு அந்த ஏலச் செய்தி வந்தபோது ஏதோ உறைத்திருக்கும்.

ஓட்டுகிற தோழர்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். கருவி உங்கள் கையில் இருக்கட்டும். அது வரைகிற கோட்டை வைத்தே கண்மாய்க் கரை எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, எந்த வரத்துக்கால்வாய் மூடப்பட்டிருக்கிறது, எந்தக் குன்று போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று இடம் குறிக்க முடியும். கிரானைட் குவாரிகள் மேலூர்ப் பக்கத்தை என்ன செய்தன என்பது 2014இல் உயர் நீதிமன்றம் சகாயத்தை நியமித்து விசாரிக்கவேண்டிய அளவுக்குப் போன சமாச்சாரம். வாரந்தோறும் அந்த வழியாகப் போகிற நூறு ஜோடிக் கண்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லையா? எந்த ஊரில் எந்தத் தெருவில் இன்னும் யாராவது சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது என்று விசாரிக்கலாம். விசாரிக்க நிற்கவேண்டும். நின்றால் சராசரி குறையாது, கடிகாரம்தான் நின்றுவிடுமே. ஆனால் வீடு திரும்ப நேரமாகும், கூட வந்த குழு முன்னால் போய்விடும், அடுத்தவாரம் ‘என்ன தோழர், பாதியிலயே காணாமப் போயிட்டீங்க’ என்று கேட்பார்கள். அப்போது எண்ணைச் சொல்லாமல் ஊர்ப்பெயரையும், அங்கே யாரிடம் என்ன பேசினோம் என்பதையும் சொல்லிப்பார்க்கவேண்டும். எழுதுகிறவர்களாயிருந்தால் எழுதவேண்டும். செயலி தள்ளுபடி செய்துவிடுகிற அந்த நிமிஷங்களுக்குக் கணக்கு வைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.